மயக்கம் குற்றமல்ல, மறைத்தது?

2014 டிசம்பர் 22. கிறிஸ்துமஸுக்கு மூன்றே நாள். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், கடைவீதிக் கூட்டத்துக்குள் மாநகராட்சிக் குப்பை லாரி ஒன்று புகுந்து ஆறு உயிர்களைப் பறித்தது. ஓட்டுநர் லாரியை ஓட்டிக்கொண்டிருந்தபோதே நினைவிழந்துவிட்டார். நினைவில்லாதவர் மீது குற்ற வழக்கு நிற்காது என்று அரசுத் தரப்பு ஒதுங்கிக்கொண்டது.

மரண விசாரணையில் வேறொரு கதை வெளிவந்தது. அதே மனிதர் 2010-ல் பஸ் ஓட்டியபோதும் ஓட்டுநர் இருக்கையிலேயே மயங்கியிருக்கிறார். மாநகராட்சி வேலைக்குச் சேரும்போது அதைச் சொல்லவில்லை. லைசென்ஸ் தரும் அமைப்புக்கும் தெரிவிக்கவில்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் விபத்தைத் தவிர்த்திருக்கக்கூடும் என்றார் விசாரித்த நீதிபதி. பலியானவர்களின் உறவினர்கள் தாங்களே வழக்குத் தொடர அனுமதி கேட்டார்கள். 2016-ல் அதுவும் கிடைக்கவில்லை.

‘திடீரென்று உடம்புக்கு முடியாமல் போய்விட்டது’ என்ற வாதத்தை பிரிட்டன், அமெரிக்க நீதிமன்றங்கள் நஷ்டஈட்டு வழக்குகளில் ஏற்பதுண்டு. ஒரே நிபந்தனை: அப்படி வரக்கூடும் என்பது ஓட்டுநருக்கு முன்பே தெரிந்திருக்கக் கூடாது. வீட்டாபிக்ஸ் நிறுவனத்தின் லாரி ஒரு கடையை இடித்த வழக்கில், ஓட்டுநருக்கு ரத்தச் சர்க்கரை தாழ்ந்து மூளை தடுமாறியிருந்தது. அதற்குக் காரணமான கட்டி தன் உடலில் இருப்பதே அவருக்குத் தெரியாது. அவர் மீது தவறில்லை என்று 1997-ல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஓட்டுநருக்கு இது நியாயம். இப்படிப்பட்ட விபத்தில் அடிபட்டவருக்கு? இந்த இடத்தில் நம் சட்டம் ஒரு படி மேல். மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-வது பிரிவின்படி, யார் மீது தவறு என்று நிரூபிக்காமலேயே மரணத்துக்கு 5 லட்சமும் கொடுங்காயத்துக்கு 2.5 லட்சமும் இழப்பீடு பெறலாம். தொகை போதாது; கொள்கை சரியானது.

விபத்தைத் தடுப்பதில்தான் நாம் கோட்டைவிடுகிறோம். ‘வலிப்பு உண்டா, திடீர் மயக்கம் வருமா’ என்று லைசென்ஸ் படிவம் கேட்கத்தான் செய்கிறது. ஆனால் ‘ஆம்’ என்று எழுதினால் பிழைப்பு போய்விடும் என்று தெரிந்தவர் என்ன எழுதுவார்? நாற்பது வயதைக் கடந்தவர்களுக்குக் கட்டாயமான மருத்துவச் சான்றும், நோயாளி வாய் திறக்காவிட்டால் வெறும் காகிதம்தான். என்றோ ஒருநாள் வந்துபோகும் மயக்கம், டாக்டர் முன் உட்காரும் பத்து நிமிடத்தில் தலைகாட்டாது.

பணிக்காலத்தில் உடற்குறைபாடு ஏற்பட்ட அரசு ஊழியரை நீக்கக் கூடாது, அதே சம்பளத்தில் வேறு பணி தர வேண்டும் என்கிறது 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். தனியார் லாரியும் வாடகை காரும் ஓட்டிக் குடும்பம் நடத்துபவருக்கு அந்தக் காப்பு இல்லை. நோயைச் சொன்னால் மறுநாள் சாவியை வாங்கிக்கொள்வார்கள். சொல்லாவிட்டால் மாதம் பிறந்ததும் சம்பளம்.

எனவே, நோயை ஒப்புக்கொள்ளும் ஓட்டுநருக்குச் சிகிச்சைக் கால உதவித்தொகையும் மாற்று வேலையும் தர ஒரு நல நிதி வேண்டும். வாகன உரிமையாளர்களும் காப்பீட்டு நிறுவனங்களும் அதில் பங்கு செலுத்தட்டும். விபத்து குறைந்தால் முதல் லாபம் அவர்களுக்குத்தான். உண்மை சொன்னவரைப் பட்டினி போடாத ஏற்பாடு வந்த பிறகும் ஒருவர் மறைத்தால், மயக்கத்தைக் காட்டித் தப்பிக்க அவருக்கு இடம் தரக் கூடாது.