தேய்மானத்துக்குத் தனி விலை!

காமர்ஸ் படிக்கிற எவருக்கும் தேய்மானம் என்றால் தெரியும். பொருளை வாங்கிய நாளில் இருந்து வருடா வருடம் அதன் மதிப்பில் கொஞ்சம் கழித்துக்கொண்டே வர வேண்டும். எலெக்ட்ரிக் கிடார் உலகத்தில் மட்டும் இந்தக் கணக்கு தலைகீழ். அங்கே புத்தம் புதுக் கிடாரைப் பழசாக்கித் தரச் சொல்லிக் கூடுதலாகப் பணம் கொடுக்கிறார்கள்!

அமெரிக்காவின் ஃபெண்டர் கம்பெனி 1995ல் 'ரெலிக்' என்ற பெயரில் இதை ஒரு வியாபாரமாகவே ஆரம்பித்தது. கீறல், துரு, உரிந்த பெயிண்ட் எல்லாம் பட்டறையிலேயே உபயம். எரிக் கிளாப்டனின் 'பிளாக்கி' 2004ல் 9,59,500 டாலருக்கு ஏலம் போனது. அதன் தழும்புகளையெல்லாம் பார்த்துப் பார்த்து நகலெடுத்து 2006ல் 275 கிடார்கள் செய்தார்கள். ஒன்று 24,000 டாலர்.

கிழிந்த ஜீன்ஸை அதிக விலைக்கு வாங்கும் கூட்டம் என்று சிரித்துவிட்டுப் போய்விடலாம்தான். ஆனால் இதில் நிஜமாகவே ஒரு கைத்தொழில் இருக்கிறது.

1950களில் கிடார்களுக்கு அடித்தது நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். மெல்லிய பூச்சு. வயதாக ஆக மஞ்சளாகும். குளிரிலும் சூட்டிலும் மரம் சுருங்கி விரியும்போது ஈடுகொடுக்க முடியாமல் மயிரிழை போல வெடிக்கும். 1960களின் கடைசியில் ஃபெண்டர் பாலியெஸ்டருக்கு மாறியது. அது கெட்டி, அத்தனை சுலபத்தில் தேயாது. அதனால் பழைய தோற்றம் வேண்டுமென்றால் நைட்ரோதான். மெல்லிசாகப் பல தடவை ஸ்ப்ரே செய்து, வாரக்கணக்கில் காயவிட்டு, ஃப்ரீசரில் வைத்து வெளியே எடுத்தால் அந்த வெடிப்புகள் தானாக ஓடும். (வீட்டில் சாப்பாட்டுக்கு இடம் இருக்குமா என்பது வேறு விஷயம்!)

கஷ்டம் அதற்கு அப்புறம்தான். உப்புத்தாளை எங்கே வைப்பது? வாசிப்பவரின் முழங்கை உரசும் மேல் விளிம்பு தேயும். பின்பக்கம் பெல்ட் பக்கிள் கீறும். விரல் ஓடும் கழுத்துப் பலகையில் பூச்சு போய் மரம் தெரியும். கையே படாத இடத்தில் தேய்த்து வைத்தால் பார்த்ததும் பொய் என்று தெரிந்துவிடும். ஐரிஷ் கலைஞர் ரோரி கேலகரின் 1961 ஸ்ட்ராட்டோகாஸ்டரைப் பாருங்கள். பெயிண்ட் பெரும்பாலும் மிச்சமில்லை. அது முப்பது வருட மேடை வியர்வை. அதைப் பத்து நாளில் செய்யப் பார்க்கிறவர் குறைந்தபட்சம் வாசிப்பவரின் உடம்பையாவது படித்திருக்க வேண்டும்.

புதுக் கிடாரில் இதைச் செய்தால் யாருக்கும் நஷ்டமில்லை. சிக்கல் எல்லாம் நிஜமான பழைய கிடாரில்தான். பழைய கிடாருக்கு மறுபெயிண்ட் அடித்தால் விலை ஏறத்தாழ பாதியாகும் என்பது அந்தச் சந்தையின் பொதுவான கணக்கு. எனவே ஒரிஜினல் பூச்சு எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும் அதைச் சுரண்டுவது முட்டாள்தனம்.

யாரோ எப்போதோ அதைச் சுரண்டிவிட்டு, மேலே தடிமனாக எதையோ அடித்து வைத்திருந்தால்? அப்போது நைட்ரோ அடித்து வயசுக்கேற்ற தோற்றம் கொடுப்பதில் தப்பே இல்லை. பளபளவென்ற புதுப் பெயிண்ட்டும், துருப்பிடித்த ஸ்க்ரூவும் சேர்ந்தால் எடுப்புப் பல் மாதிரி இருக்கும்.

ஆனால் வேலை எவ்வளவு நன்றாக இருக்கிறதோ அவ்வளவு ஆபத்து. செய்தவருக்கு உண்மை தெரியும். அவரிடம் வாங்கியவருக்கும் தெரியும். மூன்றாவது கை? அவர் ஒரிஜினல் என்று நம்பி இரண்டு மடங்கு கொடுப்பார். அல்ட்ராவயலட் விளக்கில் பழைய லாக்கர் பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும் என்று ஒரு சோதனை உண்டு. கடைக்கு வாங்க வருகிற எல்லோரும் விளக்கோடா வருகிறார்கள்?

இதற்கு வழி அந்தக் காலத்து ஃபெண்டர் தொழிலாளிகளே காட்டியிருக்கிறார்கள். கழுத்து உடம்போடு சேரும் இடத்தில், வெளியே தெரியாதபடி, பென்சிலால் தேதி எழுதி வைத்தார்கள். மறுபெயிண்ட் அடிப்பவரும் அதே மறைவில் எந்த வருடம் என்ன செய்தார் என்று ஒரு வரி எழுதட்டும். தோற்றம் கெடாது, காசும் ஆகாது. வாங்குகிறவர் நான்கு ஸ்க்ரூவைக் கழற்றினால் போதும்.