மரக்காணத்து உப்பங்கழி

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் பிரயாணம் செய்கிறவர்கள், மரக்காணத்தை நெருங்கும்போது வெள்ளை வெளேரென்று குவிந்து கிடக்கும் உப்பு அம்பாரங்களைக் கண்டு வியந்து, வண்டியை நிறுத்திப் படமும் பிடித்துக்கொண்டு போகிறார்களே தவிர, அந்த அம்பாரங்களுக்கெல்லாம் ஜீவாதாரமான உப்பங்கழியை ஏறெடுத்துப் பார்ப்பவர்கள் மிகச் சிலரே.

கழுவெளி ஏரியையும் வங்கக் கடலையும் இணைத்து, எடையன்திட்டு முகத்துவாரம் வரை செல்லும் இக்கழியின் விசேஷம், பருவத்துக்கேற்ப அதன் ஜலம் திசை மாறுவதுதான். ஐப்பசி கார்த்திகையில் அடைமழை பிடித்து, திண்டிவனம், வானூர்ப் பக்கத்து ஏரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிரம்பிக் கலங்கல் வழிய, அந்த மிகுநீர் கழுவெளியில் சேர்ந்து கழி வழியே சமுத்திரத்தை அடைகிறது. மழை ஓய்ந்து வெயில் ஏற ஏற, கடலின் ஏற்றநீர் அதே வழியாக உள்ளே புகுகிறது. ஆகையால் ஏரியின் தென்பாகத்தில் நன்னீரும் வடபாகத்தில் உவர்நீருமாக, நெல்லும் மீனும் உப்பும் அக்கம்பக்கத்திலேயே விளைகின்றன.

உப்பு தானாக விளைந்துவிடுவதில்லை. உப்பளத் தொழிலாளர்கள் மழை விட்டபின் தேங்கிய நீரை வடித்து, பாத்தியின் களிமண் தரையைக் காலால் மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்தி, உவர்நீரைப் படிப்படியாக வெயிலில் சுண்டவிட்டுப் பாய்ச்சி, உப்புப் பூத்ததும் நீண்ட கழி பொருத்திய பலகையால் வரப்போரம் வாரி ஒதுக்குகிறார்கள். வெயிலுக்கு அஞ்சி, விடியுமுன்பே பாத்தியில் இறங்கும் அவர்களுடைய வெறுங்காலின் வெடிப்புகளில் அந்த நீர் ஏறி எரியும் எரிச்சலை, சோற்றில் உப்புப் போதவில்லை என்று குறை சொல்லும் நாம் ஒரு கணமாவது நினைத்துப் பார்க்க வேண்டும்.

மரக்காணம் மிகவும் புராதனமான ஊர். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இதுவே என்று கொள்ளும் அறிஞர்கள் உண்டு. சோழர் சாசனங்களைத் தாங்கிய பூமீசுவரர் ஆலயம் இன்றும் நிற்கிறது. பிற்காலத்தில், கடலோரக் கழிகளை ஒன்றோடொன்று கோத்து, 1806-இல் சென்னைக்கு வடக்கே தொடங்கிப் பல கட்டங்களாக வெட்டப்பட்டு, தாது வருஷப் பஞ்சத்தில் பசித்த ஜனங்களின் உழைப்பையும் வாங்கிக்கொண்டு, 1878-இல் கவர்னர் பக்கிங்காமின் பெயரைச் சூடிய கால்வாய்க்குத் தெற்கெல்லையும் மரக்காணமே. உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் சென்ற அந்த நீர்வழியில் இன்று போக்குவரத்து இல்லை.

கழுவெளியில் 5,151 ஹெக்டேர் 2021-இல் பறவைகள் சரணாலயமாயிற்று. 2024-இல் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. பூநாரைக்கும் கூழைக்கடாவுக்கும் கிடைத்த இந்தப் பாதுகாப்பு மெத்தச் சந்தோஷமானது. ஆனால் ஏரியை மாத்திரம் காத்துவிட்டு, அதற்கு நீர் கொணரும் வாய்க்கால்களை ஆக்கிரமிப்புக்கும், கடலோடு அதை இணைக்கும் முகத்துவாரத்தை மணலுக்கும் விட்டுவிட்டால், சரணாலயம் என்ற பெயர்தான் மிஞ்சும். விவசாயி, மீனவர், உப்பளத் தொழிலாளி ஆகிய மூவரையும் கலந்து, மேட்டுப்பகுதி ஏரிகள் தொடங்கி முகத்துவாரம் வரை ஒரே நீர்வழியாகப் பராமரிக்கும் ஏற்பாட்டை, அடுத்த அடைமழைக்கு முன்பே சர்க்கார் செய்ய வேண்டும்.