மன்னாரின் காற்றும் செலொப்பியாத்தின் குமாரத்திகளும்



இவ்வாரத் தியானத்திற்காக எண்ணாகமம் 27-ஆம் அதிகாரத்தின் முதல் பதினொரு வசனங்களை ஒருமுறை வாசித்துவிட்டு வாருங்கள். தகப்பனை இழந்த ஐந்து சகோதரிகள், தங்களுக்கும் காணியாட்சியில் பங்கு வேண்டும் என்று மோசேயின் முன் வந்து நின்ற வரலாறு அது. அதைத் தியானிப்பதற்கு முன்னே, தனுஷ்கோடியிலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தொலைவில், கடலுக்கு அப்பால் கிடக்கும் மன்னார்த் தீவின் காரியத்தை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். அங்கே நம் மொழி பேசுகிற மக்கள், அவர்களில் பெரும்பகுதியினர் கிறிஸ்தவர்கள், தங்கள் தீவில் மேலும் காற்றாலைகள் வேண்டாம் என்று சாலையில் அமர்ந்தார்கள். கத்தோலிக்கக் குருவானவர்களும் அவர்களோடு அமர்ந்தார்கள். இதைக் குறித்து நம் சபையாரில் சிலர், "காற்றாலை நல்லதுதானே, பாஸ்டர்? அதை ஏன் எதிர்க்க வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் சுழலும் இறக்கைகளை அன்றாடம் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தக் கேள்வி இயல்பானதே.

மன்னார் மிகவும் தாழ்வான தீவு. பனையும் மணலும் கடலோர வாடிகளும் நிறைந்தது. குளிர்காலத்தில் மத்திய ஆசியாவின் வழியாக வரும் பறவைகள் இறங்கித் தங்கும் இடம். தீவை அடுத்த வங்காலைச் சரணாலயம் 2010-ஆம் ஆண்டிலேயே ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்டது. இந்தத் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகளுடன், 103.5 மெகாவாட் திறனுள்ள 'தம்பபவனி' மின் நிலையம் 2020 டிசம்பரில் திறந்து வைக்கப்பட்டது. ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனுதவியால் இலங்கை மின்சார சபை அமைத்த நிலையம் இது. அங்கே பிறக்கும் மின்சாரம் நடுக்குடா துணைமின் நிலையத்தின் வழியாக நாட்டின் பொது வலையமைப்புக்குச் செல்கிறது. இறக்கைகள் சுழல்வது மீனவனின் வாடிக்கு மேலே. அவற்றால் விளையும் பயன் தேசம் முழுவதற்கும் உரியது. இதில் தவறு ஏதும் இல்லை, ஆனால் இந்த ஏற்பாட்டில் யாரிடம் முன்கூட்டியே பேசப்பட வேண்டும் என்பது தெளிவாகிறது.

அதன்பின் அதானி நிறுவனத்தின் திட்டம் வந்தது. மன்னாரில் 250 மெகாவாட், பூநகரியில் 234 மெகாவாட் என்று 2023 பிப்ரவரியில் அதற்கு ஒப்புதல் கிடைத்தது. ஓர் அலகுக்கு 8.26 அமெரிக்க சென்ட் என்று விலையும் பின்னர் முடிவாயிற்று. சுற்றுச்சூழல் அமைப்புகள் இலங்கையின் உச்ச நீதிமன்றத்தை நாடின. புதிய அரசு விலையை மறுபரிசீலனை செய்ய முற்பட்டது. 2025 பிப்ரவரியில் அந்நிறுவனம் திட்டத்திலிருந்து விலகிக்கொண்டது. மன்னாரில் பலர் மகிழ்ந்தார்கள். என் பார்வையில் அந்த மகிழ்ச்சிக்குள் ஓர் ஏமாற்றம் ஒளிந்திருந்தது. திட்டம் நின்றது விலைத் தகராற்றினால். வெள்ளநீர் எங்கே வடியும், வலை எங்கே விரிப்பது, பறவைகள் என்ன ஆகும் என்று தீவார் கேட்ட கேள்விகளில் எதற்கும் எவரும் பதில் சொல்லி அது நிற்கவில்லை. ஆகையால், 5 சென்டுக்கும் குறைந்த விலையில் மின்சாரம் தர முன்வந்த உள்நாட்டு நிறுவனங்களின் 20 மெகாவாட், 50 மெகாவாட் திட்டங்கள் வந்தபோது, கொழும்பில் இருப்பவர்களுக்கு மறுக்கக் காரணமே இல்லாமற்போயிற்று. மன்னாரில் இருப்பவர்களுக்கோ பழைய காரணங்கள் யாவும் அப்படியே இருந்தன.

2025 ஆகஸ்டில் போராட்டம் தொடங்கியது. ஜனாதிபதி மக்களின் பிரதிநிதிகளைச் சந்தித்து, வேலையை ஒரு மாத காலம் நிறுத்தி வைத்தார். செப்டம்பரில் வேலையைத் தொடர முடிவாயிற்று. செப்டம்பர் 26 இரவில், காவல்துறையின் பாதுகாப்புடன் காற்றாலை உபகரணங்கள் கொண்டுவரப்பட்டபோது மோதல் மூண்டது. அதன்பிறகே, இனிவரும் காற்றாலைத் திட்டங்கள் மன்னார் மக்களின் சம்மதமின்றித் தொடங்கப்படலாகாது என்று ஜனாதிபதியின் பணிப்புரை வெளிவந்தது. நல்ல பணிப்புரைதான். அது 2020-க்கு முன்னே வந்திருக்க வேண்டியது.

மறுபக்கத்தையும் நாம் நேர்மையாகப் பார்க்க வேண்டும். 2022-ஆம் ஆண்டில் இலங்கை எரிபொருள் வாங்கப் பணமின்றித் தவித்து, ஒரு நாளில் 13 மணி நேரம் வரை இருளில் கிடந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அந்நாட்டின் 900 மெகாவாட் நிலக்கரி மின் நிலையம் புத்தளம் பக்கத்தில் நுரைச்சோலையில் இருக்கிறது. அங்கேயும் மீனவர்களும் தோட்டக்காரர்களும் வாழ்கிறார்கள். மன்னார் வேண்டாம் என்கிற ஒவ்வொரு மெகாவாட்டுக்கும் பதிலாக நுரைச்சோலையில் சாம்பல் கொட்டப்படுமானால், பாரம் ஓர் ஏழையின் தோளிலிருந்து இன்னோர் ஏழையின் தோளுக்கு மாறியதாகவே முடியும். காற்றாலை புகை விடுவதில்லை, எரிபொருள் கேட்பதில்லை. காற்று கர்த்தரின் கொடை. அதைக் கொண்டு விளக்கேற்றுவதை எந்த விசுவாசியும் பாவம் என்று சொல்ல இயலாது.

எதிர்க்கிறவர்களும் உண்மைக்குக் கட்டுப்பட்டவர்களே. பொய்ச்சாட்சி சொல்லலாகாது என்ற கட்டளை போராட்டப் பந்தலுக்குள்ளும் செல்லும். மழைக்காலத்தில் வெள்ளம் முன்போல வடிவதில்லை, காற்றாலைகளுக்காகப் போடப்பட்ட பாதைகளும் மேடுகளும் நீரோட்டத்தை மறிக்கின்றன என்று தீவார் சொல்லுகிறார்கள். இவ்வளவு தாழ்வான நிலத்தில் அது நடக்கக்கூடியதே. ஒரு சுயாதீன ஆய்வினால் தீர்த்துவிடக்கூடிய கேள்வியும்கூட. கரையோரத்தில் மீன்பாடு குறைந்துவிட்டது, அதற்கும் காற்றாலைகளே காரணம் என்றும் சொல்லுகிறார்கள். இங்கே நான் சற்றுத் தயங்குகிறேன். மன்னார் மீனவனின் வலையை அறுத்து, கடலடியை வாரிச் செல்வது நம் கரையிலிருந்து புறப்படும் இழுவைமடி விசைப்படகுகள் என்பது அவர்களுடைய நெடுநாள் முறையீடு. இலங்கை 2017-இல் இழுவைமடியைச் சட்டத்தால் தடைசெய்தது. நம் படகுகள் நிற்கவில்லை. மன்னாருக்காகப் பரிந்து பேசத் துடிக்கிற தமிழகத்துத் தமிழன் முதலில் இதைக் குறித்துப் பேச வேண்டும். காற்றாலையைக் கண்டிப்பது நமக்கு எளிது, இராமேசுவரத்துச் சகோதரனிடம் பேசுவது கடினம்.

இருந்தும், அந்த மக்களின் பயத்தை அறியாமை என்று தள்ளிவிடுகிறவர்களோடு நான் உடன்படுவதில்லை. அவர்களின் ஞாபகத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். 1990-இல் மன்னார் உள்ளிட்ட வடக்கின் முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். 2007-இல் மன்னார் மாவட்டத்தின் முள்ளிக்குளம் என்னும் கத்தோலிக்கக் கிராமத்து மக்கள் போரின் நிமித்தம் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களுடைய ஊரில் கடற்படை முகாம் அமைந்தது. பத்தாண்டுகள் கழித்தும் நிலத்தில் ஒரு பகுதிதான் திரும்பக் கிடைத்தது. "சில நாட்களுக்கு மட்டும்", "நாட்டின் நன்மைக்காக" என்ற சொற்களை அந்த மாவட்டம் வேறு வேறு வாய்களிலிருந்து பலமுறை கேட்டிருக்கிறது. அப்படிப்பட்ட மண்ணில், அளவுகோலும் வரைபடமுமாக ஒருவர் வந்து நிற்கும்போது, கோப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று மக்கள் கேட்பது எவ்வளவு நியாயம்!

இத்தகைய காரியங்களில் நம் பிரசங்கிகள் வழக்கமாக நாபோத்தின் திராட்சத்தோட்டத்தை எடுத்துக்கொள்வார்கள். இங்கே அது முழுவதும் பொருந்தாது என்பது என் எண்ணம். ஆகாப் கேட்டது தன் அரண்மனைக்கு அருகே ஒரு கீரைத்தோட்டம். அவனுடைய ஆசை எவருக்கும் விளங்கும், அதைக் கண்டிப்பதும் எளிது. இன்று மன்னாரின் வாசலில் வந்து நிற்பவர் தமக்கென்று கேட்கவில்லை. மருத்துவமனைக்கு மின்சாரம், தேசத்திற்கு அந்நியச் செலாவணி, பூமிக்குக் குளிர்ச்சி என்று நல்லவற்றையே கேட்கிறார். நன்மையின் பெயரால் கேட்கிறவர் தாம் யாரையும் கேட்டுச் செய்யவேண்டியதில்லை என்று எளிதில் நம்பிவிடுகிறார். அங்கேதான் ஆபத்து.

ஆகவே செலொப்பியாத்தின் குமாரத்திகளிடம் வருவோம். மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள். வேதம் அந்த ஐவரையும் பெயர் சொல்லிக் குறிக்கிறது. மோசேக்கும், ஆசாரியனுக்கும், பிரபுக்களுக்கும், சபையனைத்துக்கும் முன்பாக, ஆசரிப்புக் கூடாரவாசலில் அவர்கள் வந்து நின்றார்கள். எப்போது என்பதைக் கவனியுங்கள். இஸ்ரவேலர் யோர்தானைக் கடக்கவில்லை. நிலம் அளக்கப்படவில்லை, சீட்டுப் போடப்படவில்லை. பங்கிடும் முறை மட்டுமே அறிவிக்கப்பட்டிருந்தது. எல்லைக்கல் நடப்படுவதற்கு முன்னே அவர்களுடைய சொல் கேட்கப்பட்டது. மோசே, "முறைமை அறிவிக்கப்பட்டாயிற்று, இனி ஒன்றும் செய்வதற்கில்லை" என்று அனுப்பிவிடவில்லை. அவர்களுடைய நியாயத்தைக் கர்த்தருடைய சந்நிதியில் கொண்டுபோனார். அவர்கள் கேட்பது சரியே என்று கர்த்தர் தீர்ப்பளித்தார், பிரமாணமே மாற்றி எழுதப்பட்டது. அத்தோடு முடியவில்லை. 36-ஆம் அதிகாரத்தில், அந்தக் கோத்திரத்துத் தலைவர்கள் மறுபக்கத்துக் கவலையோடு வருகிறார்கள். அதுவும் கேட்கப்படுகிறது, அதற்கும் ஒரு வழி காணப்படுகிறது. வேதத்தில் ஒரு நில வழக்கு இரண்டு முறை விசாரிக்கப்பட்டு இரு தரப்பும் செவிகொடுக்கப்பட்ட இடம் இது.

காலம் தாழ்த்திக் கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு நார்வே நாட்டின் ஃபோசன் தீபகற்பம் ஒரு சாட்சி. அங்கே கலைமான் மேய்க்கும் சாமி என்னும் பழங்குடியினரின் குளிர்கால மேய்ச்சல் நிலத்தில் 151 காற்றாலைகள் எழுந்தன. அவர்களுடைய வழக்கு நிலுவையில் இருக்கும்போதே அவை எழுந்தன. 2021 அக்டோபர் 11 அன்று நார்வேயின் உச்ச நீதிமன்றம், அந்த உரிமங்கள் சாமி மக்களின் பண்பாட்டு உரிமையை மீறியவை, ஆகவே செல்லாதவை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்து 500 நாட்கள் கழிந்தும் இறக்கைகள் சுழன்றுகொண்டே இருந்தன. இளைஞர்கள் அமைச்சக வாசலில் அமர்ந்தபின், 2023 மார்ச்சில் அரசு மன்னிப்புக் கேட்டது. அதன்பின் இழப்பீடும் மாற்று மேய்ச்சல் நிலமும் பற்றி உடன்படிக்கைகள் ஏற்பட்டன. காற்றாலைகள் இன்றும் அங்கேதான் நிற்கின்றன. நட்ட தூணைப் பிடுங்க எந்த அரசுக்கும் மனம் வருவதில்லை.

இதற்கு எதிரான ஒரு தீவும் உண்டு. டென்மார்க்கின் சாம்சோ. பரப்பளவில் மன்னார்த் தீவைவிடச் சற்றுச் சிறியது, நாலாயிரத்துக்கும் குறைவான குடிகள். அங்கே 2000-ஆம் ஆண்டில் நிலத்தில் 11 காற்றாலைகளை நிறுவினார்கள். அவற்றில் பெரும்பாலானவை அத்தீவின் விவசாயிகளுக்குச் சொந்தம். இரண்டு, சிறு சிறு பங்குகளாக நூற்றுக்கணக்கான தீவாருக்குச் சொந்தம். பின்னர் கடலில் எழுந்த பத்திலும் பாதியை ஊராட்சியே வைத்துக்கொண்டது. எங்கே வைப்பது என்று கூடிக் கூடிப் பேசி, ஒத்துவராத இடங்களை விட்டுவிட்டார்கள். அதே இயந்திரம், அதே கடற்காற்று. மன்னாரில் அத்தகைய பேச்சு முன்னமே நடந்திருந்தால் எல்லோரும் சம்மதித்திருப்பார்கள் என்று நான் சொல்லத் துணியேன். பறவைகளின் பாதையும் வெள்ளத்தின் பாதையும் பங்குத்தொகையால் தீர்கிறவை அல்ல. சில இடங்களில் "வேண்டாம்" என்பதே சரியான முடிவாக இருக்கும். கேட்கிறவர் அந்தப் பதிலையும் ஏற்கத் தயாராக வந்தால்தான் அது கேட்பது ஆகும்.

பிரியமானவர்களே, இந்த வாரம் மன்னாரைப் பெயர் சொல்லி உங்கள் குடும்ப ஜெபத்தில் வையுங்கள். பேசாலை, தலைமன்னார், தோட்டவெளி ஆகிய ஊர்களை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே பணிக்கு அனுப்பப்பட்ட காவலர்களையும், வேலைக்கு வந்த தொழிலாளர்களையும் சேர்த்து நினையுங்கள்.

இன்னொன்று நம் ஊருக்கானது. நம் கிராமங்களிலும் காற்றாலை, சூரியமின் பண்ணை, உயர் அழுத்த மின்பாதை என்று புதிய திட்டங்கள் வந்துகொண்டிருக்கின்றன. நம்மில் பலருக்கு விவரம் தெரிவது தூண் இறங்கிய பின்னர்தான். நம் மாநிலத்தில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஐக்கிய ஆராதனைக்குத் தவறாமல் வருகிறவர்களில் எத்தனை பேர் அந்த ஆறு நாட்களில் ஒன்றிலாவது போய் அமர்ந்திருக்கிறீர்கள்? குறிப்பாகச் சகோதரிகளை வேண்டிக்கொள்கிறேன். அடுத்த கூட்டத்திற்கு ஐந்து பேராவது சேர்ந்து செல்லுங்கள். ஊருக்கு என்ன திட்டம் வருகிறது, அதன் வரைபடம் எங்கே, ஓடையும் குளத்து வரத்துக்காலும் அதில் குறிக்கப்பட்டிருக்கின்றனவா என்று கேளுங்கள். கேட்டதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, எழுதியதை வாசித்துப் பார்த்தபின் கையொப்பமிடுங்கள்.