நாற்பது நாள் உபவாசமும் ஒரு கோப்பை திராட்சரசமும்

உடலைப் பரிசுத்த ஆவியின் ஆலயம் என்று பவுல் சொன்னதை இன்று இரண்டு கோஷ்டிகள் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன. ஒரு கோஷ்டி அந்த வசனத்தை டி-ஷர்ட்டில் அச்சடித்துக்கொண்டு ஜிம்முக்குப் போகிறது. இன்னொன்று நாற்பது நாள் உபவாச ஜெபத்துக்கு நோட்டீஸ் ஒட்டுகிறது. பார்த்தால் எதிரெதிர் மாதிரி தெரியும். என்னைக் கேட்டால் ரெண்டும் ஒரே சரக்குதான். இரண்டு இடத்திலும் உடம்பு என்பது ஜெயித்துக் காட்டவேண்டிய பொருள். பக்கத்தில் கைதட்ட ஆள் வேண்டும்.

முதலில் வசனத்துக்கே வருவோம். கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம், ஆறாம் அதிகாரம். பவுல் அங்கே பேசுவது வேசித்தனத்தைப் பற்றி. உடம்பை வைத்து என்ன செய்தாலும் ஆத்துமாவுக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்தவர்களுக்கான பதில் அது. அதே நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில் அவர் ஆலயம் என்பது மொத்தச் சபையையும். என் உடம்பு எனக்கு மட்டும் சொந்தமில்லை என்பதுதான் வாதம். இதுல சிக்ஸ் பேக் எங்கிருந்து வந்தது?

ஒன்பதாம் அதிகாரத்தில் உடலை ஒடுக்குவதாக அவரே சொல்கிறாரே என்பார்கள். சொல்கிறார். ஓட்டக்காரனையும் குத்துச்சண்டைக்காரனையும் உவமை காட்டுகிறார். கொரிந்துக்குப் பக்கத்திலேயே இஸ்த்மிய விளையாட்டுகள் நடந்தன, அந்த ஊர்க்காரர்களுக்கு உடனே புரிந்திருக்கும். ஆனால் அந்த அதிகாரத்தின் பெரும்பகுதி, பிறருக்காகத் தன் உரிமையை விட்டுக்கொடுப்பது பற்றியது. சாதனைப் பட்டியல் அல்ல. தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபமோ, வயிற்றுக் கோளாறுக்குத் தண்ணீரை மட்டும் குடிக்காமல் கொஞ்சம் திராட்சரசமும் எடுத்துக்கொள் என்கிறது. வேதப்புத்தகத்தில் இப்படி ஒரு டாக்டர் சீட்டும் இருக்கிறது. இதை வைத்து யாரும் கூட்டம் போடுவதில்லை.

எங்கள் பெரியம்மாவுக்குப் பல வருஷமாகச் சுகர். ஓர் உபவாசக் கூட்டத்தில் தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னார்கள். மாத்திரையை மட்டும் விடாமல் போட்டார். மூன்றாம் நாள் மதியம் சுகர் இறங்கி மயங்கி விழுந்தார். குளுக்கோஸ் ஏற்றிய பிறகு கண் விழித்துக் கேட்ட முதல் கேள்வி: "என் உபவாசம் முறிஞ்சிருச்சா?" அந்தக் கேள்வியை அவர் வாயில் வைத்தவர்கள்மேல்தான் என் கோபம். காய்ச்சலோடு பத்தாயிரம் ஸ்டெப் நடக்கும் ஆபீஸ் நண்பன் கேட்பதும் இதே கேள்விதான். அவன் கேட்பது ஆப்பிடம், அவ்வளவு வித்தியாசம்.

கிறிஸ்தவத்தில் ஒழுங்கு என்றால் என்ன என்று பார்க்க ஆறாம் நூற்றாண்டு இத்தாலிக்குப் போகவேண்டும். புனித பெனடிக்ட் துறவிகளுக்கு எழுதிய விதிநூலில் அசாத்தியம் எதுவும் இல்லை. தினமும் வேகவைத்த பதார்த்தம் இரண்டு. ஒன்று ஒருவருக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் மற்றதைச் சாப்பிடட்டும் என்பதற்காக. ஆளுக்கு ஒரு பவுண்டு ரொட்டி, அளந்து கொஞ்சம் திராட்சரசம். முதியவர்களுக்கும் சிறுவர்களுக்கும் சாப்பாட்டு நேரத்தில் தளர்வு. நோயாளிக்குக் குளியல், பலவீனமானவருக்கு இறைச்சி. நோயாளியைக் கிறிஸ்துவாகவே நினைத்துப் பணிவிடை செய்யவேண்டும்.

எனக்குப் பிடித்தது நாற்பத்தொன்பதாம் அத்தியாயம். தவக்காலத்தில் கூடுதலாக எதையாவது விடப்போகிறவர் அதை முன்கூட்டியே மடத்துத் தலைவரிடம் சொல்லி அனுமதி வாங்கவேண்டும். கேட்காமல் செய்தால் அது அகந்தையாகவும் வீண்பெருமையாகவும் எண்ணப்படும், பலன் கிடையாது. பட்டினியில் அகங்காரம் எவ்வளவு சுகமாகக் குடியிருக்கும் என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது.

பட்டினி கிடந்த புனிதர்கள் இல்லையா என்றால், இருந்தார்கள். 1226இல் இறந்த அசிசி பிரான்சிஸ் உடம்பைக் கழுதைத் தம்பி என்று அழைத்து வதைத்தவர். கடைசிக் காலத்தில் அந்தத் தம்பிக்குத் தான் அநியாயம் செய்துவிட்டதாக அவரே வருந்தினார் என்கிறது மரபு. நோட்டீஸில் முதல் பாதிதான் வரும்.

பரிசுத்தத்துக்கு உடம்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உபவாசமே தப்பு என்றும் சொல்லவில்லை. நேரத்துக்கு மாத்திரை போடுவது, தூங்கவேண்டிய நேரத்தில் போனைக் கீழே வைப்பது, பசியில்லாதபோது எழுந்துவிடுவது, முடியாமல் கிடப்பவருக்குக் கஞ்சி வைத்துக் கொடுப்பது எல்லாமே ஒழுங்குதான். இதற்குச் சாட்சி சொல்ல மேடை கிடைக்காது, ஸ்க்ரீன்ஷாட்டும் எடுக்கமுடியாது. அதனாலேயே இவற்றை நான் நம்புகிறேன்.

அடுத்தமுறை யாராவது நாற்பது நாள் என்று ஆரம்பித்தால் ஒன்றே ஒன்று கேளுங்கள்: யாரிடம் கேட்டுவிட்டு ஆரம்பித்தீர்கள்? உங்கள் டாக்டருக்குத் தெரியுமா?