இடிப்பதற்கும் யோசனை வேண்டும்

கரோல் பாக்கில் பழைய வீட்டில் குடியிருப்போருக்கு இடநெருக்கடி புதிதல்ல. குடும்பம் பெருகுகிறது, அறை போதவில்லை. நடுச்சுவரை எடுத்துவிட்டால் கூடம் பெரிதாகும் என்று முடிவாகிறது. புதிதாகப் பதிக்கும் டைல்ஸுக்கு நாலு கடை ஏறி விலை விசாரிக்கிறவர்கள், இடிக்கும் வேலையை மட்டும் காலையில் லேபர் சௌக்கில் நிற்கும் இரண்டு ஆட்களிடம் ஒப்படைத்துவிடுகிறார்கள். கட்டத்தான் அறிவு வேண்டும், இடிக்கக் கை போதும் என்பது அவர்கள் எண்ணம். இது ஆபத்தான எண்ணம்.

2024 செப்டம்பர் 18 அன்று காலை, கரோல் பாக் பாபா நகரில் பழைய வீடு ஒன்று சரிந்து நால்வர் மாண்டனர். பத்துப் பேருக்கு மேல் காயமுற்றனர். காரணம் எதுவாயினும், இப்பகுதிக் கட்டடங்களின் நிலையைப் பற்றி அது ஓர் எச்சரிக்கை. 1947க்குப் பின் அகதிகள் வந்து குடியேறிய பேட்டை இது. ஒரு மாடிக்கென எழுப்பிய சுவர்மேல் பின்னாளில் பர்சாத்தியும் அதற்குமேல் இன்னொரு தளமும் ஏறிய வீடுகள் உண்டு. இத்தகைய வீடுகள் பலவற்றில் தூண்களே இல்லை. 9 அங்குலச் செங்கல் சுவர்தான் கர்டரையும் கல் பலகைக் கூரையையும் தாங்குகிறது. தூண் உள்ள கட்டடத்தில் 4½ அங்குலத் தடுப்புச் சுவரை எடுப்பது வேறு; பாரம் சுமக்கும் சுவரில் கை வைப்பது வேறு. தட்டிப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. மேல்தளச் சுவர் எதன்மீது நிற்கிறது என்பதைக் கட்டடப் பொறியாளர் ஒருவர் நேரில் பார்த்தே சொல்ல வேண்டும். அவருக்குக் கொடுக்கும் கட்டணம் வீண்செலவல்ல.

வேலை தொடங்குமுன் செய்ய வேண்டியவை சில உண்டு. வாடகைக்காரரானால் வீட்டுக்காரரின் சம்மதத்தை எழுத்தில் பெற வேண்டும். மேல்வீட்டாருக்கும் கீழ்வீட்டாருக்கும் சொல்ல வேண்டும். அந்தப் பகுதியின் மின்சாரம், தண்ணீர், எரிவாயு இணைப்புகளைத் துண்டிக்க வேண்டும். பாரச் சுவரானால் முட்டுக் கொடுத்து உத்தரம் ஏற்றிய பிறகே செங்கல்லைத் தொடலாம். மல்பாவை அறைக்குள்ளேயே குவிப்பது தளத்துக்குப் பெரும் சுமை. அன்றன்றே இறக்கிவிட வேண்டும். அதைச் சாக்கடை ஓரத்தில் கொட்டுவதும் குற்றம். கட்டட இடிபாடுகளைப் பதப்படுத்த 2009லேயே தில்லி புராரியில் ஆலை வந்துவிட்டது. ஆகவே போட இடமில்லை என்று சொல்வதற்கில்லை.

டேகேதாரிடம் பேசும்போது மொத்தக் கூலியை மட்டும் பேசினால் போதாது. எந்தச் சுவர், எத்தனை நாள், மல்பா யார் பொறுப்பு, பழைய இரும்பும் மரமும் யாருக்கு, ஆளுக்கு அடிபட்டால் சிகிச்சைச் செலவு யாருடையது என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குவது நல்லது. முழுப் பணத்தையும் முன்னதாகக் கொடுக்கலாகாது.

சுத்தியல் பிடிக்கும் அந்தத் தொழிலாளி பீகாரிலிருந்தோ ராஜஸ்தானிலிருந்தோ பிழைக்க வந்தவராயிருப்பார். ஊரைவிட்டு வந்து பிழைப்பதன் அருமையைத் தில்லித் தமிழருக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. தலைக்கவசமும் பூட்ஸும் கொடுக்காமல் அவரைச் சுவரடியில் நிறுத்துவது சிக்கனமாகாது. கூடம் பத்தடி பெரிதாவதற்காக ஓர் உயிரைப் பணயம் வைக்க எந்த வீட்டுக்காரருக்கும் உரிமை கிடையாது.