பழைய கம்ப்யூட்டரைத் தூக்கி எறியலாமா?

விக்கிரமங்கலம் வரை வந்துவிட்ட விலை ஏற்றம்!

அமெரிக்காவில் ஒரு கம்பெனி தன் வியாபாரத்தில் ஒரு பகுதியை மூடினால், அரியலூர் கம்ப்யூட்டர் கடையில் விலை ஏறுமா?

ஏறும். ஏறியும் விட்டது!

கம்ப்யூட்டருக்கு உள்ளே 'ராம்' என்று ஒரு சின்னத் துண்டு இருக்கிறது. விரல் நீளம்தான் இருக்கும். 2025-ம் ஆண்டின் கடைசி மாதங்களில் அதன் விலை இரண்டு மடங்கு ஆனது. சில வகைகள் அதற்கு மேலும் போயின. அந்த ஆண்டில் தங்கம் விலை ஏறியதைப் பார்த்து எல்லோரும் மூக்கில் விரல் வைத்தார்கள். அந்தத் தங்கத்தையே இந்தத் துண்டு தோற்கடித்துவிட்டது!

அதே சமயத்தில் இன்னொரு இடியும் விழுந்தது. 'விண்டோஸ் 10' என்பது கோடிக்கணக்கான கம்ப்யூட்டர்களை இயக்கும் மென்பொருள். அதைத் தயாரித்த மைக்ரோசாப்ட் கம்பெனி, 2025 அக்டோபர் 14-ந்தேதியோடு அதைப் பராமரிப்பதை நிறுத்திக்கொண்டது.

"பழைய கம்ப்யூட்டர் இனி உதவாது. புதிது வாங்குங்கள்" என்று ஒரு பக்கம் சொல்கிறார்கள். புதிது வாங்கப் போனால் விலை மிரட்டுகிறது.

நடுவில் நின்று முழிப்பது யார்? சாதாரண குடும்பங்கள்தான்.

அலமாரியில் தூங்கும் லேப்-டாப்

அரியலூர் மாவட்டத்தில் உள்ள விக்கிரமங்கலத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே மட்டும் அல்ல. தமிழ்நாட்டில் எந்தக் கிராமத்துக்குப் போனாலும், பல வீடுகளில் ஒரு பழைய லேப்-டாப் இருக்கும். அது சர்க்கார் கொடுத்தது.

2011 செப்டம்பர் 15-ந்தேதி, அப்போதைய முதல்-மந்திரி ஜெயலலிதா திருவள்ளூர் மாவட்டத்தில் அந்தத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அடுத்த ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவ-மாணவிகளுக்கு இலவச லேப்-டாப் கிடைத்தது. பின்னர் அது நின்றது. 2025 மார்ச் 14-ந்தேதி பட்ஜெட்டில், இரண்டு ஆண்டுகளில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்குக் கொடுப்பதாக மறுபடியும் அறிவிப்பு வந்தது.

அன்று வாங்கிய அக்காவுக்குக் கல்யாணம் ஆகிக் குழந்தையும் இருக்கும். லேப-டாப் மட்டும் அலமாரியில் தூங்குகிறது. இப்போது தம்பி கல்லூரிக்குப் போகிறான். "இதை ஓட வைக்க முடியுமா?" என்று அம்மா அதைத் துணியில் சுற்றிக்கொண்டு, பஸ் ஏறி அரியலூருக்கோ ஜெயங்கொண்டத்துக்கோ போகிறார்.

"இதுக்கு மேல செலவு பண்ணாதீங்க அக்கா, புதுசு வாங்கிடுங்க" என்று கடைக்காரர் சொல்லலாம்.

அது சில சமயம் சரி. பல சமயம் தவறு.

நெல் வயலில் கரும்பு

முதலில் விலை ஏன் ஏறியது என்று பார்ப்போம்.

ராம் சில்லுகளை உலகத்தில் எல்லோரும் செய்வது இல்லை. பெரும்பகுதியைத் தயாரிப்பவை மூன்றே கம்பெனிகள். சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ் இரண்டும் தென்கொரியாவைச் சேர்ந்தவை. மைக்ரான், அமெரிக்காவைச் சேர்ந்தது.

இப்போது 'ஏ.ஐ.' என்கிற செயற்கை நுண்ணறிவுக்கு உலகம் முழுவதும் கிராக்கி. கேள்வி கேட்டால் பதில் சொல்கிறது. படம் வரையச் சொன்னால் வரைகிறது. அதற்காகப் பிரம்மாண்டமான கம்ப்யூட்டர் கூடங்கள் கட்டுகிறார்கள். அந்தக் கூடங்களுக்கு ஒரு விசேஷ ராம் வேண்டும். அடுக்குமாடி வீடு போல, சில்லின் மேல் சில்லாக அடுக்கிச் செய்வது அது. சாதாரண ராம் செய்ய ஆகும் இடத்தைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு இடத்தை அது தொழிற்சாலையில் விழுங்கிவிடுகிறது.

ஆனால் லாபம் அதில்தான் அதிகம்!

ஊரில் நெல் போட்டுக்கொண்டு இருந்தவர்கள் எல்லோரும் கரும்புக்கு மாறிவிட்டால் என்ன ஆகும்? அரிசி விலை ஏறும் அல்லவா? அதுதான் நடந்தது.

மைக்ரான் கம்பெனி 'குருஷியல்' என்ற பெயரில், வீட்டுக் கம்ப்யூட்டர்காரர்களுக்குச் சில்லறையாக ராம் விற்று வந்தது. ஏறத்தாழ 30 ஆண்டு வியாபாரம். அதை முடித்துக்கொள்வதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. பெரிய வாடிக்கைக்காரர்கள் வரிசையில் நிற்கும்போது, ஒன்று இரண்டு வாங்குகிறவர்களை யார் கவனிக்கப் போகிறார்கள்?

புதிய தொழிற்சாலை கட்டினால் விலை இறங்காதா என்று கேட்கலாம். இறங்கும். ஆனால் சில்லுத் தொழிற்சாலை என்பது நாலு மாதத்தில் எழுப்புகிற அரிசி ஆலை அல்ல. ஆண்டுக்கணக்கில் ஆகும்.

காவல்காரன் போய்விட்டான்

விண்டோஸ் 10 விஷயம் வேறு. அக்டோபர் 14-ந்தேதியோடு கம்ப்யூட்டர் நின்றுவிடவில்லை. இன்றைக்கும் ஓடும். ஆனால் அதில் புதிதாக ஓட்டை கண்டுபிடித்துத் திருடர்கள் நுழைந்தால், அடைப்பதற்குக் கம்பெனி ஆள் அனுப்பாது. வீடு இருக்கிறது, காவல்காரன் போய்விட்டான்!

பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டும் மேலும் ஓர் ஆண்டு, அதாவது 2026 அக்டோபர் 13-ந்தேதி வரை, பாதுகாப்பு கொடுப்பதாக மைக்ரோசாப்ட் சொன்னது.

விண்டோஸ் 11-க்கு மாறலாமே என்றால், அது எல்லாக் கம்ப்யூட்டரையும் ஏற்றுக்கொள்வது இல்லை. குறிப்பிட்ட பாதுகாப்புச் சில்லு வேண்டும். பிராசசரும் புதிதாக இருக்க வேண்டும். 2018-க்கு முன் வந்தவை பெரும்பாலும் தேறாது. நன்றாக ஓடிக்கொண்டு இருக்கிற யந்திரத்தை, வயதைக் காட்டி வாசலிலேயே நிறுத்துவது நியாயமா என்று உலகமெங்கும் கேட்டார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது.

இதற்கு ஒரு வழி 'லினக்ஸ்'. அது இலவசம். பழைய யந்திரத்திலும் ஓடும். மத்திய சர்க்காரின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' என்பது ஒருவகை லினக்ஸ்தான். அதில் தமிழும் உண்டு. கேரளப் பள்ளிக்கூடங்களில் பல ஆண்டுகளாக லினக்ஸில்தான் பாடம் நடக்கிறது. கடிதம் எழுத, கணக்குப் போட, வேலைக்கு விண்ணப்பிக்க, வீடியோ பாடம் பார்க்க அது போதும். ஆனால் 'டேலி' கணக்கு எழுதுகிறவர்களுக்கும், விண்டோஸ் இருந்தே தீர வேண்டும் என்று கல்லூரியில் சொல்லியிருப்பவர்களுக்கும் இது பொருந்தாது.

வியாதி என்ன?

வைத்தியரிடம் போகும் முன் வியாதி என்ன என்று கொஞ்சம் தெரிந்திருந்தால் பணம் மிச்சம்.

"ரொம்ப மெதுவாக ஓடுகிறது" என்பதுதான் பெரும்பாலோர் புகார். பத்து ஆண்டுக்கு முந்திய லேப்-டாப் என்றால், பெரும்பாலும் குற்றவாளி 'ஹார்டு டிஸ்க்'. அதற்குள் ஒரு தட்டு, சாதாரணமாக நிமிஷத்துக்கு 5,400 தடவை சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஒரு முள் அதன்மேல் ஓடி ஓடித் தகவலைத் தேடுகிறது. வயதானால் தள்ளாட்டம் வராமல் இருக்குமா? அதை எடுத்துவிட்டு 'எஸ்.எஸ்.டி.' போட்டால், சுற்றுகிற சமாசாரமே இல்லை. ஐந்து நிமிஷம் இழுத்தடித்த யந்திரம், அரை நிமிஷத்தில் எழுந்துகொள்வது உண்டு! எஸ்.எஸ்.டி. விலையும் ஏறித்தான் இருக்கிறது. என்றாலும் வீட்டு உபயோகத்துக்கு 240 ஜி.பி. அளவு போதும். முதல் செலவு இதற்குத்தான் செய்ய வேண்டும், ராமுக்கு அல்ல.

2 ஜி.பி. ராம் உள்ள யந்திரத்தில் இன்றைய இன்டர்நெட் மூச்சுத் திணறும். 4 ஆக்கினால் நடக்கும். 8 ஆக்கினால் ஓடும். இதில் ஒரு சிக்கல். ராமில் டி.டி.ஆர். 3, 4, 5 என்று தலைமுறைகள் உண்டு. ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. ஆகவே பழைய துண்டைக் கழற்றிக் கையோடு கொண்டுபோவது நல்லது. விலை ஏறிய இந்தக் காலத்தில், பழைய கம்ப்யூட்டரில் இருந்து எடுத்த ராம் கிடைத்தாலும் வாங்கலாம். ஆனால் கடையிலேயே மாட்டி ஓட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்கக்கூடாது.

சுவிட்சைப் போட்டதும் 'பீப் பீப்' என்று கத்துகிறது. திரையில் ஒன்றும் இல்லை. "மதர்போர்டு போய்விட்டது" என்று பயம் காட்டுவார்கள். நம்பிவிடக்கூடாது! மின்சாரத்தைத் துண்டித்து, பாட்டரியையும் கழற்றிவிட்டு, ராமை வெளியே எடுத்து, அதன் மஞ்சள் விளிம்பைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் மெள்ளத் துடைத்து, மறுபடி அழுத்தி மாட்டினால் பல யந்திரங்கள் உயிர் பெற்றுவிடும். செலவு ஒன்றும் இல்லை.

இன்னொரு வேடிக்கை. இன்டர்நெட் இருக்கிறது, ஆனால் எந்தப் பக்கமும் திறக்கவில்லை. மூலையில் கடிகாரத்தைப் பார்த்தால், ஏதோ ஒரு பழைய ஆண்டைக் காட்டுகிறது! உள்ளே காசு போல வட்டமாக ஒரு சின்னப் பாட்டரி இருக்கும். அது தீர்ந்துவிட்டது. தேதி தவறாக இருந்தால், இன்டர்நெட் பக்கங்கள் சந்தேகப்பட்டுக் கதவைச் சாத்திவிடும். மேசைக் கம்ப்யூட்டர் என்றால் சில பத்து ரூபாய் பாட்டரியில் தீர்கிற விஷயம் இது.

சூடாகித் தானாக நின்றால், விசிறியில் தூசி அடைத்திருக்கும். சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் அரியலூர்ப் பக்கத்தில் தூசிக்குப் பஞ்சமா? மெத்தைமேல் வைத்து ஓட்டினாலும் இதே கதிதான். காற்றுத் துவாரம் மூடிவிடும்.

மேசைக் கம்ப்யூட்டரின் பெட்டியைத் தொட்டால் 'சுருக்' என்கிறதா? வீட்டில் எர்த் சரியில்லை. அதற்குக் கம்ப்யூட்டர் கடை வேண்டாம். எலெக்ட்ரீசியனைக் கூப்பிட வேண்டும். பிளக்கில் உள்ள மூன்றாவது முள்ளை வெட்டிவிட்டுச் சொருகுகிற வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. அது யந்திரத்துக்கும் கேடு, ஆளுக்கும் ஆபத்து!

லேப்-டாப் பாட்டரி உப்பிக்கொண்டு வந்தால், உடனே நிறுத்திவிட வேண்டும். குத்துவதோ அழுத்துவதோ கூடாது, தீப்பிடிக்கும். சார்ஜர் மாற்றும்போது, பழையதில் எழுதியுள்ள வோல்ட் அளவு அப்படியே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆம்பியர் குறையக்கூடாது; கூடினால் பாதகம் இல்லை.

எப்போது கை விடலாம்?

மதர்போர்டு உண்மையாகவே போய், திரையும் உடைந்திருந்தால் செலவு செய்யாமல் விட்டுவிடலாம். "இரண்டையும் மாற்றித் தருகிறேன்" என்று யாராவது சொன்னால், அந்தச் செலவில் உபயோகித்த நல்ல லேப்-டாப் ஒன்று கிடைக்குமா என்று விசாரிப்பது லாபம்.

புதிதாகவே சேர்த்துக் கட்டுகிறவர்கள், இப்போதைக்கு 8 ஜி.பி. ராமோடு தொடங்கலாம். ஆனால் இரண்டு துவாரம் உள்ள மதர்போர்டாக வாங்கி, ஒன்றைக் காலியாக விட வேண்டும். விலை இறங்கிய பிறகு அதை நிரப்பிக்கொள்ளலாம். மிச்சம் பிடிப்பதாக நினைத்து மட்டமான எஸ்.எம்.பி.எஸ். வாங்குவதுதான் பெரிய நஷ்டம். மின்சாரம் அதன் வழியாகத்தான் மற்ற எல்லாவற்றுக்கும் போகிறது.

கடையில் கொடுக்கும் முன் ஒரு வேலை இருக்கிறது. அக்காவின் கல்யாணப் போட்டோ, ஆதார் நகல், மார்க் பட்டியல், பாங்கிப் பாஸ்புத்தகப் படம், இவை எல்லாம் அந்த ஹார்டு டிஸ்க்கில் இருக்கும். அவற்றை வேறு இடத்தில் பிரதி எடுத்துக்கொண்டு, யந்திரத்தில் இருந்து நீக்கிவிட்டுக் கொடுக்க வேண்டும். யந்திரம் எழுந்திருக்கவே இல்லை என்றாலும், ஹார்டு டிஸ்க் நன்றாக இருக்கலாம். அதைத் தனியே கழற்றி, 'யு.எஸ்.பி.' கேஸ் என்று கேட்டால் கடையில் கொடுக்கும் சிறு பெட்டியில் போட்டு, வேறு கம்ப்யூட்டரில் சொருகினால் போட்டோக்கள் வந்துவிடும். புதிய எஸ்.எஸ்.டி. போட்டுக்கொண்டாலும், கழற்றிய பழைய டிஸ்க்கைக் கடையில் விட்டுவிட்டு வராமல் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.