பறவைநாகமும் பயிற்சிக் கொப்பியும்

2022ஆம் ஆண்டில் நாம் இழைத்த பிழையொன்றை இவ்வாரம் வாசகர் முன் ஒப்புக்கொள்ள விரும்புகின்றோம்.

நாடெங்கும் மின்வெட்டு மிகுந்திருந்த காலம் அது. உயர்தர வகுப்பில் வரலாற்றுப் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். கடைசி வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் தலை நிமிராது எதையோ எழுதுவதைக் கண்டு, அருகிற் சென்று கொப்பியை வாங்கிப் பார்த்தோம். பக்கந்தோறும் வாயில் நுழையாப் பெயர்கள்.

“இஃது எந்தப் பாடம், தம்பி?”

“பாடமில்லை, சேர். கணினி விளையாட்டு. கரண்ட் இல்லாத நேரத்தில் யோசித்து எழுதினேன்.”

வகுப்புச் சிரித்தது. நாம் கொப்பியை மேசை லாச்சியில் வைத்துப் பூட்டினோம். அன்று மாலை, பொழுது போகாமல் அதனைத் திறந்து வாசிக்கத் தொடங்கினோம். விளக்கில் எண்ணெய் வற்றும்வரை மூட மனம் வரவில்லை.

அவன் எழுதியிருந்தது, யப்பானிய நிறுவனமொன்று 2022 பெப்ரவரியில் வெளியிட்ட ‘எல்டன் றிங்’ என்னும் விளையாட்டைப் பற்றியது. அதனை நெறிப்படுத்தியவர் ஹிதெத்தாக்கா மியசாக்கி. அவ்வுலகின் பழங்கதைக்கு அடித்தளமிட்டவர் அமெரிக்க நாவலாசிரியர் ஜோர்ஜ் மார்ட்டின். விந்தை யாதெனின், அக்கதையை எவரும் தொடக்கமுதல் இறுதிவரை சொல்லித் தருவதில்லை. கண்டெடுக்கும் வாளிலும் தாயத்திலும் கல்லிலும் இரண்டு மூன்று வரிக் குறிப்புகள் மட்டும் இருக்கும். அவற்றைப் பொருத்திப் பார்த்தே பழைய வரலாற்றை அறிதல் வேண்டும். மியசாக்கி சிறுவனாக இருந்தபோது தமக்கு முற்றாக விளங்காத நூல்களை வாசித்து, விளங்காத இடங்களைத் தம் கற்பனையால் நிரப்பிக்கொண்டாராம். நேர்காணலொன்றில் அவரே கூறிய செய்தி இது.

மாணவன் ஒவ்வொரு பக்கத்தையும் மூன்றாகப் பிரித்திருந்தான். ‘எழுதப்பட்டிருப்பது’, ‘கண்ணாற் கண்டது’, ‘நான் நினைப்பது’ என்பன அவன் இட்ட தலைப்புகள். நாம் பல ஆண்டுகளாக வகுப்பிற் சொல்லியும் எவரும் செய்யாத காரியம் அது!

ஓர் உதாரணம் காட்டுவோம். லேண்டல் என்னும் தலைநகரைக் கிரான்சாக்ஸ் என்ற தொல்பறவைநாகம் தாக்கியது. அந்நகரின் மதில் வரலாற்றில் ஒருமுறையே வீழ்ந்தது, அஃது அன்றே. இது முதற்பத்தி. அதன் பேருடல் கல்லாகி மாளிகைகளின் மேற் கிடக்கின்றது. இஃது இரண்டாம் பத்தி. ஆயின், அதே நகரிற் பின்னர் பறவைநாக வழிபாடு தோன்றியது. மதிலை இடித்த இனத்தை வணங்குவானேன்? கொட்வின் என்னும் அரசகுமாரன் போர்ட்டிசாக்ஸ் என்ற பறவைநாகத்தை வென்று, கொல்லாது அதனோடு நட்புப் பூண்டான் என்றும், அதிலிருந்தே அவ்வழிபாடு பிறந்தது என்றும் ஒரு குறிப்புச் சொல்லும். மின்னலிலும் பொன் கலந்திருப்பதால் இவ்வழிபாடு நகரத்தாரின் பொன்மரச் சமயத்திற்கு முரணன்று என்று இன்னொரு குறிப்பு நியாயங் காட்டும். அதன் எதிரே மாணவன் எழுதியிருந்தான்: “இதனை எழுதியவர் யார்? வென்றவரா, வணங்கியவரா?” கல்வெட்டொன்றின் முன் நிற்கும் ஆராய்ச்சியாளன் கேட்கும் முதற்கேள்வியும் இதுவேயன்றோ?

அவன் மிகுதியாக எழுதியிருந்தது பிளாசிடுசாக்ஸ் என்னும் பறவைநாக வேந்தனைப் பற்றி. பொன்மரம் தோன்றுமுன் ஆண்டவன் அவன். வானிற் சிதறிக்கொண்டிருக்கும் ஃபாரம் அசூலா என்னும் பாழ்நகரில், காலத்திற்கு அப்பாற்பட்ட புயலின் நடுவே அவன் இருக்கின்றான். தான் வழிபட்ட தெய்வம் அகன்றபின்னும், அது மீளுமென்று காத்திருக்கின்றான். அவனிடம் எஞ்சியவை இரு தலைகளே. ஏனையவை அறுந்துபோன அடையாளங்கள் கழுத்தடியில் உள்ளன.

அத்தலைகளை அறுத்தவர் யார்? பொன்மரத்தார் படையே என்று மாணவன் முடிவு செய்திருந்தான். தலைநகரப் போரைச் சான்றாகக் காட்டினான். பறவைநாகங்கள் தமக்குள் பொருதிருக்கலாம் என்று அவனது நண்பன் சொன்னதாகவும், தான் அதனை ஏற்கவில்லை என்றும் அடியில் எழுதியிருந்தான்.

மறுநாட் காலை கொப்பியைத் திருப்பிக் கொடுத்தோம். “பாடத்தைக் கவனி” என்றோமேயன்றி, வாசித்து வியந்ததைச் சொன்னோமில்லை. ஆசிரியர்க்கு அத்தனை எளிதில் வாய் வருவதில்லை.

2024 யூனில் அவ்விளையாட்டிற்குப் புதிய பகுதியொன்று வெளியாயிற்று. சில வாரங்களின் பின் அம்மாணவன் எமது வீடு தேடி வந்தான். இப்போது மீசை அரும்பிய இளைஞன். கையில் அதே கொப்பி.

“சேர், விடை வந்துவிட்டது. நான் எழுதியது பிழை” என்றான்.

புதிய பகுதியில் பேய்ல் என்றொரு பறவைநாகம் வருகின்றது. அது தன் வேந்தனை எதிர்த்துப் போரிட்டது, இருவரும் பெருங்காயமுற்றனர். வேந்தனின் அறுந்த தலைகள் இன்னமும் பேய்லின் உடலைக் கவ்வியபடியே இருக்கின்றனவாம். நண்பன் சொன்னதே மெய்யாயிற்று.

பழைய பக்கத்தைப் புரட்டிக் காட்டினான். தன் முடிவின் குறுக்கே ஒரு கோடிழுத்து, ‘பிழை’ என்றெழுதித் திகதியுமிட்டிருந்தான். எழுத்து அழியவில்லை, கோட்டின் கீழ் முழுவதும் வாசிக்கலாம். “கிழித்தெறிந்திருக்கலாமே?” என்று கேட்டோம்.

“ஏன் பிழைத்தேன் என்று பார்க்க வேண்டாமா, சேர்? இருந்த சான்று ஒரு போரை மட்டும் காட்டியது. வேறு போர் இருக்கமுடியாதென்று நானாகச் சேர்த்துக்கொண்டேன்.”

நாம் மௌனமானோம். இருபதாண்டுகளாக வகுப்பிற் கற்பித்தவற்றுள், நாமே பின்னர் பிழையெனக் கண்டவை சில உண்டு. அவற்றின் குறுக்கே எந்த மாணவன் முன்னும் நாம் கோடிழுத்ததில்லை. அடுத்த ஆண்டு மாற்றிச் சொல்லிவிட்டு நகர்ந்தோம். ஊகிப்பது குற்றமன்று. சான்று நின்ற இடத்தையும் ஊகம் தொடங்கிய இடத்தையும் மறப்பதே குற்றம். விளையாட்டுத்தானே என்று பெற்றோர் பிள்ளைகளின் கொப்பியைப் பறிக்குமுன் ஒருமுறை திறந்து பார்ப்பாராக. நாம் பூட்டியபின்னரே பார்த்தோம்.

“வேந்தன் காத்திருக்கும் தெய்வம் எங்கே போயிற்று?” என்று விடைபெறும்போது வினவினோம். அவன் சிரித்துக்கொண்டே மூன்றாம் பத்தியைக் காட்டினான். அங்கே எவ்வித எழுத்தும் இல்லை.